தார் பாலைவனத்தில் போதையிலிருந்து மீள உதவி தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இரவு பத்தரை மணிக்கு, மேற்கு ராஜஸ்தானில் ஃபலோடி பக்கத்துச் சோலார் தளம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். திருநெல்வேலிக்காரர், அங்கே ஃபோர்மேன். "அக்கா, கூட வேலை பார்க்கிற பையனுக்கு ரெண்டு நாளா மாத்திரை கிடைக்கல. வாந்தி, வயித்துப்போக்கு, உடம்பெல்லாம் உதறுது. இங்க எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?"

ஜோத்பூரில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தவள் நான். இந்தக் கேள்வியைத் தமிழர்களும் கேட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டு மார்வாரிக் குடும்பங்களும் கேட்டிருக்கின்றன. அன்றிரவு அந்தத் தம்பியிடம் போனில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ராணுவம், ரயில்வே, காற்றாலை, சோலார், லாரி என்று ஏதோ ஒரு வேலையாக மேற்கு ராஜஸ்தானில் இருக்கிற நம்மவர்களுக்கும், அங்கே உள்ள ஒருவருக்காகக் கவலைப்படும் யாருக்கும் இது உதவும்.

முதலில் ஊரின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஜெய்சல்மேர் என்ற ஒரே மாவட்டம் பரப்பில் ஏறக்குறையக் கேரளம் அளவு. அங்கிருந்து ஜோத்பூருக்கு 280 கிலோமீட்டருக்கு மேல். பார்மேரிலிருந்து சுமார் 200. கோடையில் வெயில் கொல்லும். 2016 மே 19 அன்று ஃபலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதனால் இங்கே சிகிச்சை தேடும்போது "எது பெரிய ஆஸ்பத்திரி?" என்பதைவிட "எங்கே மாதாமாதம் திரும்பிப் போய்வர முடியும்?" என்று கேட்பதுதான் பலன் தரும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

படி 1: இன்றிரவே ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, குறட்டைபோல் தொண்டையில் கரகரக்கிறது, உதடு நீலமாகிறது, கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்கிவிட்டது என்றால் அபின் வகைப் பொருள் அளவுமீறிப் போயிருக்கிறது. உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இதற்கு நலோக்சோன் என்ற முறிவு மருந்து ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடப்படும். என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அதைச் சரியான நேரத்தில் போட முடியும்.

குடிப்பவராக இருந்தால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். தினமும் நிறையக் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு கிளாஸ் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள்வரை ஆளே மாறிப்போய், இல்லாததைப் பார்த்து, இல்லாத குரலைக் கேட்டுப் பிதற்றும் நிலை வரலாம். அது உயிரையே எடுக்கும். "இன்னிக்கே நிறுத்து" என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். டாக்டரைப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அபின், டோடா (கசகசாக் காய்த்தோல் பொடி) போன்றவற்றை நிறுத்தினால் வரும் உபாதை பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், புல்லரிப்பு, கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். பொதுவாக இதனால் உயிர் போவதில்லை. ஆனால் பாலைவன வெயிலில் வாந்தியும் பேதியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும், அதுதான் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்தப் பையனுக்கு அன்றிரவு நான் சொன்ன முதல் மருந்து அதுதான்.

படி 2: என்ன, எவ்வளவு, கடைசியாக எப்போது

டாக்டர் கேட்கப்போகும் மூன்று கேள்விகள் இவை. முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே புழங்கும் பெயர்கள் தெரிந்திருந்தால் நல்லது. அபினை 'அமல்' என்றோ 'அஃபீம்' என்றோ சொல்வார்கள். கசகசாச் செடியின் காய்ந்த காய்த்தோலைப் பொடித்தது 'டோடா' அல்லது 'போஸ்த்'. ஹெராயினுக்கு 'ஸ்மாக்', வடக்கே கங்காநகர், அனுமன்கட் பக்கம் 'சிட்டா'. இவை தவிர வலி மாத்திரைகள், முக்கியமாக டிரமடால். உடல்வலிக்கென்று ஆரம்பித்து, இரவு ஷிஃப்ட்டில் தூக்கம் வராமலிருக்க என்று தொடர்ந்து, கடைசியில் அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். டிரமடால் அதிகமானாலே வலிப்பு வரும். மாத்திரை என்றால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

டோடா பற்றி ஒரு வார்த்தை. ராஜஸ்தானில் 2010-களின் நடுப்பகுதிவரை அரசு உரிமம் பெற்ற கடைகளிலேயே டோடா விற்றது. அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கடைகளை மூடியதும், அறுபது எழுபது வயதில் பல ஆண்டுப் பழக்கத்தோடு இருந்தவர்கள் திடீரெனக் குற்றவாளிகளைப் போல் ஆனார்கள். சிலர் மாத்திரைக்கு மாறினார்கள். அப்படிப்பட்ட பெரியவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் அவரைக் குடிகாரரைப் பார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். இதய நோயோ மூச்சிரைப்போ உள்ள முதியவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்துவது நல்லதல்ல. அவருக்கு எப்படி, எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 3: பேசுங்கள், ஏமாற்றாதீர்கள்

போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. காலையில், தனியாக, ஒருவரே பேசுவது நல்லது. "நீ கெட்டுப்போயிட்ட" என்பதை விட்டுவிட்டு, "ராத்திரி நீ உதறினதப் பார்த்துப் பயந்துட்டேன், டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வருவோமா?" என்று கேளுங்கள். முதல் முறை மறுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.

"குடிப்பவருக்குத் தெரியாமலே கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை, அதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவருக்கு மட்டுமே உரியது. தெரியாமல் கொடுத்து, அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாசத்தால் செய்கிற காரியம் என்று எனக்குத் தெரியும். என் தெருவிலேயே ஒரு அம்மா செய்தார். பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அதன் பிறகு அவர் சமைத்ததைச் சாப்பிட மறுத்துவிட்டான்.

படி 4: நான்கு தொலைபேசி எண்கள்

14446 என்பது மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண். இலவசம். அருகிலுள்ள மையம் எது என்று இங்கே கேட்கலாம்.

14416 என்பது டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண். பகல் இரவு எந்நேரமும் பேசலாம், தமிழும் உண்டு. இந்தி தடுமாறுகிற நம்மவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் யோசிக்காமல் இதைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

1933 போதைப்பொருள் தடுப்புக்கான தேசிய எண். கடத்தல், விற்பனை பற்றிய புகாரோடு மறுவாழ்வு ஆலோசனையும் உண்டு. 108 ஆம்புலன்ஸ்.

அழைக்கும்போது மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் தாலுகா பெயரையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "உங்கள் மாவட்டத்தில் மையம் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள், அது 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 'நஷா முக்த் பாரத் அபியான்' என்ற மத்திய அரசின் போதை ஒழிப்பு இயக்கத்தின் இணையதளத்தில் அரசு உதவி பெறும் மையங்களை வரைபடத்திலேயே பார்க்கலாம். அதில் குறித்துக்கொண்டு பிறகு போன் செய்தால் பேச்சு எளிதாக இருக்கும்.

படி 5: எந்த இடம்?

நான் சொல்லும் வரிசை இது: முதலில் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு, அடுத்து அரசு உதவி பெறும் மறுவாழ்வு மையம், கடைசியாகத்தான் தனியார்.

ஜோத்பூரில் எய்ம்ஸ் இருக்கிறது. டாக்டர் எஸ்.என். மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மதுரா தாஸ் மாத்தூர் ஆஸ்பத்திரியை ஊரில் 'எம்.டி.எம்.' என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். பிகானேரில் பி.பி.எம். ஆஸ்பத்திரி. பார்மேரில் 2019 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஜெய்சல்மேர் நகரில் ஜவாஹிர் ஆஸ்பத்திரி மாவட்டத் தலைமை மருத்துவமனை. அங்கே போனதும் ஓ.பி. சீட்டுக்கு 'பர்ச்சி' என்று கேளுங்கள். 'மனோரோக் விபாக்' என்றால் மனநலப் பிரிவு. 2011 முதல் ராஜஸ்தான் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்துத் திட்டம் இருப்பதால் அடிப்படை மருந்துகளுக்குக் காசு செலவாகாது. சில அரசு ஆஸ்பத்திரிகளில் மத்திய அரசு உதவியோடு தனி போதைச் சிகிச்சைப் பிரிவும் நடக்கிறது, 'ஏ.டி.எஃப்.' இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மத்திய அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களை 'ஐ.ஆர்.சி.ஏ.' என்பார்கள். படுக்கை வசதி, ஆலோசகர், டாக்டர் எல்லாம் இருக்கும். ஜோத்பூர் அருகே மானக்லாவ் என்ற கிராமத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாராயண் சிங் மானக்லாவ் அங்கே தொடங்கிய அபின் மீட்பு முகாம்கள் மேற்கு ராஜஸ்தான் முழுக்கப் பேசப்பட்டவை, அதற்காக அவருக்குப் பத்ம விருதுகளும் கிடைத்தன. நோயாளியை நகரத்துக்கு வரவழைக்காமல், ஊரிலேயே பத்துப் பதினைந்து பேரை ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தருவதுதான் முகாமின் அடிப்படை. நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனமும் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் குடிநோயாளிகளுக்குக் கிராம முகாம் நடத்தியது. இரண்டு வேறு மண், ஆனால் ஊர்க்காரர்களே நோயாளிக்குத் துணையாகிவிடும் பலம் இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் பகுதியில் இப்படி முகாம் நடக்கப்போகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 'ஆஷா' எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளரிடமும் கேளுங்கள். ஆஷா அக்காக்களுக்குத் தெரியாத வீடு அந்தப் பக்கம் கிடையாது.

படி 6: தனியார் மையம் என்றால் இவற்றைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

'நஷா முக்தி கேந்திரா', அதாவது போதை மீட்பு மையம், என்ற பலகை நெடுஞ்சாலையில் நிறையத் தென்படும். நல்லவர்களும் நடத்துகிறார்கள், ஆட்களை அடைத்து வைத்துக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் பாதிப்புகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அதனால் உள்நோயாளிகளைச் சேர்க்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனநல மருத்துவர் எந்தெந்த நாள் நேரில் வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? குடும்பத்தார் எப்போது பார்க்கலாம், எப்போது போனில் பேசலாம்? "முதல் மூன்று மாதம் பேசவே கூடாது" என்பவர்களிடம் சேர்க்காதீர்கள். சங்கிலியில் கட்டுவதை இந்தச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. கட்டாயமாக மொட்டை அடிப்பதும், கூலி இல்லாமல் வேலை வாங்குவதும் கூடாது. தன் விருப்பத்தில் சேர்ந்த வயதுவந்தவர் வெளியே வரக் கேட்கலாம். விருப்பமில்லாதவரைக் குடும்பத்தார் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனி நடைமுறையும் மருத்துவர்களின் பரிசோதனையும் 30 நாள் வரம்பும் இருக்கின்றன. ராத்திரியில் ஜீப் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஒரு மையம் என்னிடமே பெருமையாகச் சொன்னது. அது சட்டத்துக்கு விரோதம். அப்படித் தூக்கிப்போன ஒருவர் திரும்பி வந்தபின் ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே ஓடினார்.

பெண்களுக்கான தனி மையம் அந்தப் பக்கம் அரிது. அதனால் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு நேராகப் போவதே நல்லது.

அப்புறம், முக்கியமான கேள்வி: வெளியே வந்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் சேர்த்தால், வெளியே வந்த பின் கைபிடிக்க ஆள் இருக்காது.

படி 7: போலீஸ் பயம்

பலர் ஆஸ்பத்திரிக்கே வராததற்குக் காரணம் இது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் உட்கொள்வதும் குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், உட்கொண்டதற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வரும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிறிய அளவு என்பது அபினுக்கு 25 கிராம், டோடாவுக்கு ஒரு கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம். வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். இதை நம்பி வழிக்கு வேண்டுமென்று டோடாப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு பயணம் கிளம்பாதீர்கள்.

படி 8: பயணம்

கோடையில் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் இரவு ரயில். உபாதையில் இருப்பவரைப் பகல் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்காரவைக்க முடியாது. முதலில் அருகிலுள்ள சமுதாய சுகாதார நிலையத்தில் காட்டி, வாந்தி பேதிக்கும் வலிக்கும் மருந்து வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே பரிந்துரைக் கடிதமும் வாங்குங்கள். தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., மாற்றுத்துணி இரண்டு செட், ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், கூட இரண்டு பேர். ஒருவர் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும்போது இன்னொருவர் அவரோடு இருக்க வேண்டும். வரிசை நீளத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 9: சிகிச்சையில் என்ன நடக்கும்

முதல் ஒரு வாரம் பத்து நாள், உடம்பைத் தேற்றுவது. குடும்பங்கள் இதையே முழுச் சிகிச்சை என்று நினைத்து, "சரியாயிட்டான்" என்று கூட்டிவந்துவிடுகின்றன. பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

அபின் வகைப் பழக்கத்துக்குப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தை நாக்கின் அடியில் வைக்கக் கொடுப்பார்கள். ஏக்கத்தையும் உபாதையையும் அடக்கிவைக்கும், வேலைக்குப் போக முடியும். உடம்பில் அபின் இன்னும் இருக்கும்போதே இதைத் தொடங்கினால் உபாதை ஒரேயடியாகக் கூடிவிடும். கடைசியாக எப்போது எடுத்தார் என்ற நேரத்தை உண்மையாகச் சொல்லச் சொல்வது அதனால்தான். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பதுபோல் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் மருந்து இது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இது எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அனுமதி பெற்ற மையத்தில்தான் தருவார்கள். வெகுதூரத்திலிருந்து வருகிறோம் என்பதை முதல் நாளே சொல்லி, ஒரு முறைக்கு எத்தனை நாள் மருந்து தருவீர்கள் என்று கேளுங்கள். நால்ட்ரெக்சோன் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அதை அபின் வகை எதுவும் இல்லாமல் ஒரு வாரம் பத்து நாள் கழிந்த பிறகே தொடங்குவார்கள்.

குடிக்கு வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மருந்து, அதன்பிறகு ஆலோசனை.

படி 10: ஊர் திரும்பும் நாள்

தார் பகுதியில் அமல் ஒரு மரியாதை. கல்யாணம், துக்கம், பஞ்சாயத்துச் சமரசம் எதுவானாலும் 'ரியான்' என்று பெரியவர்கள் வட்டமாக உட்காருவார்கள். அபினை இடித்து, நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, உள்ளங்கையில் ஊற்றி விருந்தாளிக்கு நீட்டுவார்கள். மறுத்தால் வீட்டுக்காரரை அவமதித்ததாக ஆகும். ஜோத்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் காகா சா நான்கு மாதம் சுத்தமாக இருந்தார். அண்ணன் வீட்டுத் துக்கத்தில் நீட்டிய உள்ளங்கையை மறுக்க முடியாமல் மறுபடி தொடங்கினார்.

இரண்டாம் முறை சிகிச்சை முடித்தபோது அவர் மகன் ஒரு காரியம் செய்தான். ஊர்ப் பெரியவர் மூவரைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்து, "அப்பாவுக்கு டாக்டர் தடை போட்டிருக்கிறார், நீங்கள் நீட்டாமல் இருந்தாலே போதும்" என்று காலைத் தொட்டுக் கேட்டான். மறுக்கும் பாரத்தை அப்பாவின் தோளிலிருந்து எடுத்துப் பெரியவர்களின் தோளில் வைத்துவிட்டான். எந்த ஆலோசகரும் சொல்லித்தராத வழி அது, நான் பார்த்தவரை அவர்களுக்குப் பலித்தது. இப்போது பல சமூகப் பஞ்சாயத்துகளே கல்யாணத்திலும் துக்கத்திலும் அமல் கிடையாது என்று தீர்மானம் போட்டிருக்கின்றன. அப்படி ஒரு தீர்மானம் உங்கள் ஊரில் இருந்தால் அதைச் சொல்லி மறுப்பது இன்னும் எளிது. நம் பையன்களுக்கு ரியான் கிடையாது, சம்பள நாளும் தளத்து அறையும்தான். அறையை மாற்றுங்கள். கொஞ்ச நாள் சம்பளத்தை நேராக வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவர் சம்மதத்தோடு.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நார்காடிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பெரிய ஊர்களில் இந்தியில் நடக்கும். கட்டணம் கிடையாது. கிராமத்தில் இருப்பவர் போன் வழியே நடக்கும் கூட்டங்களில் சேரலாம். தமிழில் பேசத் தோன்றினால் தமிழ்நாட்டுக் குழுக்களைக் கேளுங்கள். குடிப்பவரின் மனைவி, அம்மாவுக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. அந்த அம்மாக்கள் தூங்கி எத்தனை மாதமாயிற்று என்று யாரும் கேட்பதில்லை, அதனால் இதைச் சொல்கிறேன்.

மறுபடி தொடங்கினால்

சில வாரம் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவை எடுத்தாலே மூச்சு நின்றுவிடலாம். "திரும்ப ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள வராதே" என்று சொல்லி அனுப்பினால், அவர் தனியாக, ஒளிந்து எடுப்பார், விழுந்தால் பார்க்க ஆள் இருக்காது. அதனால் வீட்டில் ஒருவரிடமாவது அவர் பயமில்லாமல் சொல்லும்படி வையுங்கள். சொன்ன அன்றே அதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், புதிய இடம் தேடி அலைய வேண்டாம். பழைய சீட்டும் பழைய மருந்தளவும் அங்கேதான் இருக்கின்றன.

ஃபலோடிப் பையன் இரண்டு முறை வழுக்கினான். ஃபோர்மேன் தம்பி இரண்டு முறையும் விடிகாலை வண்டியில் அவனை ஜோத்பூருக்குக் கூட்டிவந்தார். இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவனே தனியாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு, மத்தியான வெயிலுக்கு முன் வண்டி ஏறிவிடுகிறான்.